இறந்தவர், குடிபெயர்ந்தவர்

குளத்தங்கரைத் தெரு,
திருத்தணி.
ஜனவரி 12, 2026

சேஷகிரி அண்ணனுக்கு,

சமியுல்லா எழுதுகிறேன். நீங்கள் திருப்பதி போன பிறகு ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். முதலில் போன்தான் செய்தேன். உங்கள் மகன் ஷ்யாம் எடுத்தான். "நைனாவுக்கு இப்பல்லாம் காது சுத்தமா கேக்கறதில்ல அங்கிள். என்னான்னு என்கிட்ட சொல்லுங்க, நான் எழுதிக் காட்றேன்" என்றான். பிள்ளை வழியாகக் கேட்கிற விஷயம் இல்லை இது. அதனால் பட்டறையை மூடிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று பிரபாவதி அம்மா வீட்டுக்கு வந்தார். அங்கன்வாடியில் வேலை செய்கிறவர். நம் தெருவுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கிறவரும் அவர்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டு நோட்டீஸைக் கொடுத்தார். "நான் எதுவும் பண்ணலிங்க. வந்த பேப்பரை குடுக்கத்தான் வந்தேன்" என்றார்.

ஒன்று அம்மாவுக்கு. ரம்ஜான் பீ இறந்துவிட்டார், பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும் என்று ஒருவர் மனு கொடுத்திருக்கிறார். இன்னொன்று என் மகள் ஃபர்ஹாவுக்கு. கல்யாணமாகி அரக்கோணத்துக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டாள், அவள் பெயரையும் எடுக்க வேண்டும் என்று. மறுப்பு இருந்தால் இந்த மாதக் கடைசியில் விசாரணைக்கு வந்து சொல்ல வேண்டுமாம்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன். "நான் செத்துட்டனா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே" என்றார். ஃபர்ஹா சிரிக்கவில்லை. நோட்டீஸை வாங்கி மனு கொடுத்தவர் பெயரைப் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

சேஷகிரி, குளத்தங்கரைத் தெரு. உங்கள் வீட்டு எண். உங்கள் வாக்காளர் அட்டை எண்.

"யாருங்க இந்த சேஷகிரி? நான் வரும்போதெல்லாம் அந்த வீடு பூட்டிகினே இருக்குதே" என்று பிரபாவதி அம்மா கேட்டார். எங்களுக்கு அண்ணன் மாதிரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஒரே கேள்விதான். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா? ஆம் என்றாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

சமியுல்லா


திருப்பதி.
ஜனவரி 17, 2026

சமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது கோபம் அதிகமானது.

முப்பது வருடம் சுவருக்குச் சுவர் இருந்தவன் நீ. உன் அம்மா கையால் நோன்புக் கஞ்சி தரமாட்டார்; "ஐயருக்கு ஆவாது" என்று பழமாக வாங்கிக் கொடுத்தனுப்புவார். அந்த மனுஷியைச் செத்துப்போனார் என்று நான் எழுதிக்கொடுப்பேனா? இதைக் கேட்கவே உனக்கு எப்படி மனது வந்தது?

நான் போடவில்லை. இதோ எழுத்தில் சொல்லிவிட்டேன்.

ஃபர்ஹா திரும்பி வந்துவிட்டாள் என்பதே உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் நீ நேராக எழுதவில்லை. நோட்டீஸை வாங்கிப் படித்தாள் என்று எழுதியிருந்ததால் புரிந்துகொண்டேன். ஏன் வந்தாள், எப்போது வந்தாள்? எனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பிழைப்பது கஷ்டம் என்று போன வருடம் கேள்விப்பட்டேன். பிழைத்து வந்ததை யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

என் பெயரை எவனோ போட்டிருக்கிறான். ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மலைமேல் மடப்பள்ளியில் சமைத்தவனைத் தெரியாதவர் யார்? அது யாரென்று தேடுவதை விட்டுவிட்டு என்னிடம் "ஆமா இல்லையா" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய். நீயாகக் கேட்கிறாயா, பின்னால் யாராவது நின்று கேட்கச் சொல்கிறார்களா? இந்த வயதில் என்னை எந்த வம்பிலும் இழுக்காதே.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

சேஷகிரி


திருத்தணி.
ஜனவரி 21, 2026

சேஷகிரி அண்ணனுக்கு,

போடவில்லை என்று எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு நாள்தான் அந்த நிம்மதி.

நம் பஸ் ஸ்டாண்டு எதிரே வீரபத்திரன் என்று ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் மனுக்களின் நகலை வாங்கிவிட்டார். ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து வேறு யாருடையதோ. கையெழுத்தைப் பாருங்கள். கடைசி எழுத்தின் வளைவைச் சுழற்றி அடியில் ஒரு கோடு இழுப்பீர்களே, அந்தக் கோடு. என் பட்டறை வாடகைப் பத்திரத்தில் சாட்சியாக நீங்கள் போட்டது என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வக்கீலும் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அம்மா இறந்துவிட்டதாக எழுதியவருக்கு வேலூர் ஆஸ்பத்திரி தெரிந்திருக்கிறது, வீட்டுக்கு வந்தது தெரியவில்லை. ஃபர்ஹா கல்யாணமாகிப் போனது தெரிந்திருக்கிறது, இரண்டு வருடத்துக்கு முன்னால் பெட்டியோடு திரும்பி வந்தது தெரியவில்லை. இங்கே தெருவில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இரண்டுமே தெரியும். ஒன்று தெரிந்து இன்னொன்று தெரியாத ஆள் யார்? நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பெயரில் வந்த மனு எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. பக்கத்துச் சந்தில் சர்தார் வீட்டுக்கும், அவர் தம்பி வீட்டுக்கும் வந்திருக்கிறது. எல்லாம் எந்த மாதிரி வீடுகள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேற்று தொழுகை முடிந்து வெளியே வரும்போது சர்தார் என் தோளில் கை வைத்து, "உன் அய்யர் அண்ணன் நல்லா செஞ்சாருப்பா" என்றார்.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டே விடுகிறேன். நீங்கள் திருப்பதியில் இருக்கிறீர்கள், உங்கள் பெயர் இங்கே பட்டியலில் இருக்கிறது. என் மகள் இங்கே இருக்கிறாள், அவள் பெயர் இருக்கக் கூடாதா? இங்கே குடியிருப்பதாக உங்கள் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தை இந்தத் தடவை நிரப்பிக் கொடுத்தது யார்? கையெழுத்து வாங்க உங்களைத் தேடி வந்தது யார்?

பின்னால் யாரும் நிற்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

சமியுல்லா


திருப்பதி.
ஜனவரி 26, 2026

சமி,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. முக்கியமாக அந்த வக்கீலிடம். உன் போன கடிதத்தில் பாதி வார்த்தைகள் உன்னுடையவை இல்லை என்று எனக்குத் தெரியும். "ஒன்று தெரிந்து இன்னொன்று தெரியாத ஆள்" என்று நீ பேசி நான் கேட்டதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சகோதரனுக்கு எழுதுவதாக நினைத்து எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்து என்னுடையது மாதிரி இருக்கிறது. என்னுடையது என்று சொல்லவில்லை. மாதிரி இருக்கிறது.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் ராகவேந்திரா வந்தான். என் அண்ணன் மகன், உனக்குத் தெரியும். இப்போது ஏதோ ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட்டாக இருக்கிறான். என் படிவத்தைக் கொண்டுவந்திருந்தான். "இதுல போடலைன்னா ஊர்ல உன் பேரையே அடிச்சுடுவாங்க சித்தப்பா" என்று எழுதிக் காட்டினான். பேரை அடிப்பதா? அந்த ஊரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? பூட்டிய வீடும் அந்தப் பட்டியலில் ஒரு வரியும்தானே. போட்டேன். இரண்டு பிரதி என்றான். அப்புறம் வேறு சில தாள்கள் இருந்தன. அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன்.

அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. காது போனவனிடம் யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். ஷ்யாம் நல்ல பிள்ளை, ஆனால் "சாப்பிட்டாச்சா", "மாத்திரை" இரண்டையும்தான் எழுதிக் காட்டுவான். ராகவேந்திரா ஒரு நோட்டை எடுத்துவந்து மத்தியானம் பூராவும் எழுதி எழுதிக் கேட்டான். தெருவில் யார் எப்படி இருக்கிறார்கள், எனக்கு ஏதாவது தெரியுமா, ரம்ஜான் பீ எப்படி, ஃபர்ஹாவை எங்கே கொடுத்திருக்கிறது, சர்தார் பிள்ளைகள் வெளியூரிலா. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஊரைப் பற்றி ஒருவன் கேட்கிறானே என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பிள்ளை மேல் பழி போட எனக்கு மனசில்லை.

விசாரணைக்கு வரமுடியாது. படிவத்தில் பொய் சொன்னால் ஜெயில் என்று அடியிலேயே அச்சடித்திருக்கிறதாம், ராகவேந்திராதான் சொன்னான். ஆமாம், அவனை வரச்சொல்லிக் கேட்டேன். "நீ போகாம இருந்தா அது தானா தள்ளுபடி ஆயிடும். யாருக்கும் நஷ்டமில்ல" என்று எழுதினான். நியாயமாகத்தான் படுகிறது.

சேஷகிரி


திருத்தணி.
பிப்ரவரி 4, 2026

சேஷகிரி அண்ணனுக்கு,

விசாரணை முடிந்தது. தானாகத் தள்ளுபடி ஆகவில்லை.

அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சர்தார். படிக்கட்டில் ஏறும்போது அம்மா, "நான் செத்தா ஜனாஸா கூட இப்பிடித்தான் தூக்குவீங்க, ஒத்திகை பாத்துக்குங்க" என்றார். உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார். "செத்தவ பேரு எதுக்கு சார் உனக்கு?" என்று அம்மா திருப்பிக் கேட்டதும் அறையே சிரித்துவிட்டது. அம்மா மேல் கொடுத்த மனு அங்கேயே தள்ளுபடி. சர்தார் வீட்டு மனுக்களும் தள்ளுபடி.

ஃபர்ஹாவுடையது தள்ளுபடி ஆகவில்லை. அவள் ஆதாரில் இன்னும் அரக்கோணம் முகவரிதான் இருக்கிறது. வங்கிக் கணக்கும் அங்கேதான். கல்யாணத்தின்போது மாற்றியது, திரும்பி வந்த பிறகு எதையும் மாற்ற அவள் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இங்கே இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். "நான்தான் ஆதாரம், நிக்கறனே" என்றாள். காகிதம் இல்லை. பெயரை நீக்கி உத்தரவு போட்டுவிட்டார்கள்.

அரக்கோணத்தில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று யாரோ சொன்னார்கள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் அவள் அங்கே குடியில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் ஃபர்ஹா கேட்டாள்: "அங்க இல்லன்னு அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. இங்க இல்லன்னு இவங்க எழுதிட்டாங்க. அப்ப நான் எங்கதான்பா இருக்கேன்?"

புதிதாக மனுப் போட்டால் சேர்ப்பார்கள் என்று வீரபத்திரன் சொல்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். "இங்கதான் இருக்கேன். இல்லாதவ மாதிரி ஏன் புதுசா கேக்கணும்? இங்க இல்லன்னு எழுதினது தப்புன்னு அவங்க எழுதட்டும்." பிடிவாதம்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்து வந்ததற்குப் பிறகு அவள் ஒரு விஷயத்துக்காகக் குரலை உயர்த்திப் பேசியது இதுதான் முதல் தடவை. நான் தடுக்கமாட்டேன். திருவள்ளூரில் மேல்முறையீடு செய்கிறோம்.

அண்ணா, ஒரே ஒரு உதவி. "அவள் குடிபெயர்ந்தாள் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது, நான் அங்கே இல்லை" என்று இரண்டு வரி எழுதி நோட்டரி கையெழுத்தோடு அனுப்புங்கள். ராகவேந்திரா பெயரைக்கூட எழுத வேண்டாம்.

மேல்முறையீட்டுக்குக் கெடு குறைவாக இருக்கிறது. சீக்கிரம் அனுப்புங்கள்.

சமியுல்லா


திருப்பதி.
பிப்ரவரி 15, 2026

சமியுல்லா அவர்களுக்கு,

இன்று காலை ராகவேந்திரா வந்தான். திருவள்ளூர் ஆபீசில் வாங்கிய ஒரு ஜெராக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். யாருடைய எழுத்து என்று பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. என் கடிதம். ஜனவரி 26ஆம் தேதி நான் உனக்கு எழுதியது. மேலே உன் வக்கீலின் முத்திரை, ஓரத்தில் "ஆவணம்" என்று ஒரு எண்.

யாரிடமும் காட்டாதே என்ற வரி அதில் முதல் வரியாக இருக்கிறது. அதையும் சேர்த்துக் காட்டியிருக்கிறாய்.

காது போனவன் என் வீட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறேன், யார் என்னிடம் பேசுவதில்லை என்று எழுதியிருந்தேன். அதை இப்போது குமாஸ்தாக்கள் படித்திருப்பார்கள். ஷ்யாம் படித்துவிட்டான். "நான் உன்கூட பேசறதே இல்லையா நைனா?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு ஆபீசுக்குப் போனான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இரண்டு வரி எழுதி அனுப்பச் சொன்னாய். அனுப்பத்தான் இருந்தேன். நோட்டரி யார் என்று கீழ் வீட்டுக்காரரிடம் விசாரித்தும் வைத்திருந்தேன். நீ அதற்குக் காத்திருக்கவில்லை.

ராகவேந்திரா ஒரு வழி சொல்கிறான். "அந்த லெட்டரே நான் எழுதலன்னு சொல்லிடு சித்தப்பா. அவங்களா எழுதிக்கினாங்கன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." இதை எழுதும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மற்ற பக்கங்களையெல்லாம் கிழிக்காமல் என்னிடமே விட்டுப்போவான். இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். எனக்குக் காதுதான் கேட்காது.

அவன் சொன்னபடி செய்வேனா மாட்டேனா என்று உனக்கு எழுதப்போவதில்லை. எதை எழுதினாலும் அது ஆவணம் ஆகிவிடும்.

இனி எழுதாதே. விசாரணை என்றைக்கு என்பதும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

சேஷகிரி


திருத்தணி.
பிப்ரவரி 18, 2026

சேஷகிரி அண்ணனுக்கு,

ஆம். நான்தான் கொடுத்தேன். வக்கீல் பிடுங்கிக்கொள்ளவில்லை. எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தது என் கை.

கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. உங்களிடமிருந்து தபால் வரவில்லை. ராகவேந்திரா உங்களைப் போய்ப் பார்த்தான் என்று கேள்விப்பட்டேன். இனி வராது என்று முடிவு செய்தேன். நோட்டரியை விசாரித்து வைத்திருந்தேன் என்கிறீர்கள். இருக்கலாம். நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் "போடவில்லை" என்று நீங்கள் முதலில் எழுதியதையும் நம்பத்தான் செய்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களுக்கு ஒரு பெண் இருந்து, என் கடிதம் உங்கள் கையில் இருந்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள். ஷ்யாம் விஷயத்துக்கு மட்டும் வருத்தப்படுகிறேன். அந்தப் பத்தியை மறைத்துக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

விசாரணை வருகிற 24ஆம் தேதி, திருவள்ளூரில், காலையில். தெரிய வேண்டியதில்லை என்றீர்கள். தெரியாமல் இருந்தது என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சமியுல்லா


திருத்தணி.
மார்ச் 9, 2026

சேஷகிரி அண்ணனுக்கு,

நீங்கள் எழுதுவீர்கள் என்று இத்தனை நாள் பார்த்தேன். எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அன்று காலை திருவள்ளூரில் அந்தத் தாழ்வாரத்துக் கோடியில் உங்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம்தான் வந்தது. கூடவே ராகவேந்திரா நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கடிதம் நீங்கள் எழுதியதே இல்லை என்று சொல்ல வைக்கத்தான் கூட்டிவந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஃபர்ஹாவும் அப்படித்தான் நினைத்தாள். "போலாம்பா, இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்று என் கையைப் பிடித்தாள். நான் உங்களைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. நீங்களும் பார்க்காத மாதிரி நின்றீர்கள்.

உள்ளே போனதும் உங்களுக்குக் காது கேட்காது என்று வீரபத்திரன் சொன்னார். அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கேள்வியை எழுதிக் காட்டினார். நீங்கள் வாயால் பதில் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது அண்ணா. நீங்கள் பேசியது கத்தல். அறைக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மடப்பள்ளியில் அடுப்புச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுப்பீர்களே, அப்படி.

கையெழுத்து உங்களுடையதா என்று முதல் கேள்வி. "என்னுதுதான்." படித்துப் பார்த்துத்தான் போட்டீர்களா? "இல்ல. வெரல் வெச்சுக் காட்டின எடத்துல போட்டேன்." யார் காட்டினார்கள்? நீங்கள் திரும்பி வாசலைப் பார்த்தீர்கள். ராகவேந்திரா அங்கே இல்லை. எப்போது போனான் என்று எனக்கும் தெரியவில்லை. "எங்க அண்ணன் மகன்" என்றீர்கள். பெயரைச் சொன்னீர்கள்.

பிறகு அதிகாரி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன பதிலை வைத்துத்தான் கேள்வியைப் புரிந்துகொண்டேன். "அந்தப் பொண்ணு போனது தெரியும் சார். வந்தது தெரியாது. நானே அந்தத் தெருவுல இல்ல, எனக்கு எப்பிடித் தெரியும்?"

அங்கேதான் அவர் பேனா நின்றது. உங்கள் மனுவை எடுத்துப் பார்த்தார். குளத்தங்கரைத் தெரு என்று உங்கள் முகவரி இருப்பதைப் பார்த்தார். வீரபத்திரன் என் காதில், "இதோட விட்டா நல்லாருக்கும்" என்றார். அவருக்கு நம் வழக்குக்கு அது போதும். அதிகாரி விடவில்லை. தாளில் ஒரு வரி எழுதி உங்கள் பக்கம் திருப்பினார். நீங்கள் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தீர்கள்.

"திருப்பதியில. ஆறு வருசமா."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிரபாவதி அம்மாவும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். "நான் போனப்பல்லாம் இந்தப் பொண்ணுதான் சார் கதவத் தொறந்தது" என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் உங்களைத் தேடினேன். பஸ் நிறுத்தத்தில் திருப்பதி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தீர்கள். அண்ணா என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. காது கேட்காமல் போனீர்களா, கேட்க வேண்டாம் என்று போனீர்களா? அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உத்தரவு வந்துவிட்டது. ஃபர்ஹா இங்கேதான் குடியிருக்கிறாள், பெயரை நீக்கியது ரத்து. அவள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா, "எனக்கும் ஒண்ணு வாங்கியாந்தீங்களா, உயிரோட இருக்கேன்னு?" என்றார்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நேற்று உங்கள் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். சேஷகிரி என்பவர் இந்த முகவரியில் குடியிருக்கவில்லை என்று தெரியவருகிறது, மறுப்பு இருந்தால் ஏழு நாளில் தெரிவிக்க வேண்டும். யாரும் மனு கொடுக்கவில்லை. நீங்கள் சொன்னதை வைத்து அவர்களே எடுத்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சொல்கிறேன் அண்ணா. அவர் மகனைப் பார்க்கத்தான் திருப்பதி போயிருக்கிறார், மாதா மாதம் வந்து போகிறார், வீடு இங்கேதான் என்று சொல்கிறேன். சர்தாரும் வந்து சாட்சி சொல்கிறேன் என்கிறார். அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. பொய்தான். சொல்லலாமா?

இன்னொன்று. ராகவேந்திரா மேல் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று வீரபத்திரன் நிற்கிறார். உங்களைக் கேட்காமல் இந்தத் தடவை எதுவும் செய்யமாட்டேன்.

சமியுல்லா


திருப்பதி.
மார்ச் 12, 2026

சமி,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? இதுவும் ஒரு பொறிதானோ என்று. "ஆமாம், எனக்காகப் பொய் சொல்" என்று நான் எழுதினால் அதுவும் எங்கேயாவது ஒரு மேஜைக்குப் போய்ச் சேருமோ என்று. ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ கூப்பிட்டது கேட்கவில்லை. ஆனால் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. இறங்கினால் நீ நன்றி சொல்வாய், என் கடிதத்தைக் கொடுத்ததற்கு நான் உன்னை அங்கேயே மன்னிக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை. இப்போதும் முழுதாகத் தயாராக இல்லை.

உனக்காக வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்று அதிகாலையில் ராகவேந்திரா கார் எடுத்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி எழுதிக் காட்டிக்கொண்டே வந்தான். நகரி தாண்டியதும், "ரம்ஜான் பீ விஷயம் உனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டா, நீயே சாவுக்குப் போனதா சொல்லிடு" என்று எழுதினான். அந்த மனு தள்ளுபடியான பிறகும், உயிரோடு இருக்கிறவருடைய சாவுக்கு நான் போய் வந்தேனாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என்ன சொல்வது என்று எனக்கே தெரியாது, சமி. அதற்கப்புறம் தெரிந்துவிட்டது.

என் மேல் வழக்கு வருமா என்று தெரியவில்லை. ஷ்யாம் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றும் வராது என்று எழுதிக் காட்டினான். எழுதிவிட்டு அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டான். வந்தால் வரட்டும். ராகவேந்திரா விஷயத்தை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன். புகார் கொடுத்தால் நடந்ததைச் சொல்வேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். என் அண்ணி போனில் ஷ்யாமிடம் அழுதாளாம். அதையும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை.

பொய் சொல்ல வேண்டாம். சர்தாரிடமும் சொல். அவர் சொல்கிறேன் என்றதே எனக்குப் போதும். அவர் முகத்தில் விழிக்க இன்னும் தைரியம் வரவில்லை. அந்த நோட்டீஸுக்கு நான் மறுப்புக் கொடுக்கப்போவதில்லை. என் பெயரை எடுக்கட்டும். நேற்று இங்கே பெயர் சேர்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று விண்ணப்பம் வாங்கிய பெண் எழுதிக் கேட்டாள். ஷ்யாம் பதில் சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். மறுபடியும் கத்தியிருப்பேன் போலிருக்கிறது; எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஷ்யாம் அரைமணி நேரம் என்னோடு உட்கார்ந்து எழுதுகிறான். கோபத்தில்தான் ஆரம்பித்தான். இன்னும் நிறுத்தவில்லை.

தேர்தல் வருகிறது. ஃபர்ஹா போய் ஓட்டுப் போட்டாளா என்று மட்டும் எழுது. யாருக்கு என்று கேட்கமாட்டேன். கேட்டால், எதற்காகக் கேட்கிறேன் என்று நீ யோசிக்க ஆரம்பித்துவிடுவாய்.

சேஷகிரி